படகைக் கட்ட ஒரு முளை

துவாக்குடியில் ஒரு லாரி டிரைவருக்குத் தூக்கம் வந்தால் என்ன செய்கிறார்? தஞ்சாவூர் ரோட்டில் வண்டியை ஓரமாக ஒதுக்குகிறார். சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுக்கிறார். எதிரே டீக்கடையில் ஒரு டீ. பிறகு துண்டை உதறி விரித்து, வண்டியிலேயே படுத்துவிடுகிறார். "ஏனையா, ராத்திரி இங்கே தங்குகிறாய்?" என்று அவரை யாரும் கேட்பதில்லை. ரோடு என்றால் வண்டி போகும். போகிற வண்டி எங்கேயாவது நிற்கும். நின்றால் மனிதன் தூங்குவான். இது ஊருக்கும் விளங்குகிறது, போலீஸுக்கும் விளங்குகிறது.

அந்த ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் வாழவந்தான்கோட்டை ஏரி இருக்கிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிந்து, திருச்சி நகரத்தின் வயிற்றுக்குள் புகுந்து புறப்பட்டு, சுமார் 70 கிலோமீட்டர் நடந்து வருகிற உய்யக்கொண்டான் வாய்க்கால் இந்த ஏரியில்தான் முடிகிறது. உய்யக்கொண்டான் ஓடிவந்து வாழவந்தானிடம் அடைக்கலமாகிறான். பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள்தாம். ஆனால், இந்த வாய்க்காலில் ஒருவன் படகில் வந்து, பொழுது சாய்ந்ததும் கரையில் ஒரு முளை அடித்து, கயிற்றைக் கட்டிவிட்டுப் படகிலேயே படுத்தானானால், விடிவதற்குள் நாலு பேர் டார்ச் லைட்டோடு வந்து நிற்பார்கள். மணல் திருடனா, மீன் திருடனா, அல்லது வெறும் பைத்தியமா என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தோடு சண்டை போடத்தான் நான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் செய்யும் காரியங்களில் பாதி மனைவிமார்களுக்கு உபத்திரவமானவை. இவர் கொல்லையில் கொட்டகை போட்டுப் படகு கட்டினார். பதினாலு அடி நீளம், தட்டையான அடி, நடுவிலே ஒரு மூங்கில் கூண்டு. தண்ணீர் ஓடும் மாதங்களில் பேட்டைவாய்த்தலையில் இறக்கி, நாலைந்து நாளில் மெதுவாக வீடு வந்து சேர வேண்டும், மதகு வந்தால் நாலு ஆளை வைத்துத் தூக்கி மறுபக்கம் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான் ஆசை. சட்டத்தை மதிக்கும் மனிதர் ஆகையால் முறையாக ஓர் அலுவலகத்துக்குப் போனார். அவர் கேட்டது மூன்றே கேள்வி. ராத்திரி படகை எங்கே கட்டலாம்? எத்தனை நாள் கட்டலாம்? என்ன கட்டணம்?

முதல் மேஜையில், "இந்த வாய்க்காலில் படகு போகும் வழக்கமில்லை, ஆகையால் கட்ட இடம் கிடையாது" என்றார்கள். அடுத்த மேஜையில், "கட்ட இடம் கிடையாது, ஆகையால் படகு விட அனுமதியில்லை" என்றார்கள். மூன்றாவது மேஜையில் ஒரு வயதான குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இதை எந்த ஃபைல்லே வைக்கிறதுன்னே எனக்குத் தெரியலே" என்றாராம். அந்த மூவரில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

தமிழில் துறை என்று ஒரு சொல் இருக்கிறது. ஆற்றில் மனிதன் இறங்கி ஏறும் இடம், ஓடம் வந்து அணையும் இடம், அதற்குத் துறை என்று பெயர். திருச்சியில் காவிரிக் கரையை ஒட்டி ஓடத்துறை என்றே ஓரிடம் இருக்கிறது. இன்று அங்கே பஸ்ஸும் காரும் போகின்றன. துறையும் இல்லை, ஓடமும் இல்லை. அந்தச் சொல் மட்டும் கரையேறி, பட்டணத்துக்குப் போய், கட்டிடம் கட்டிக்கொண்டு, பலகை மாட்டிக்கொண்டுவிட்டது. பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை, சுற்றுலாத் துறை! தண்ணீரைப் பற்றி இத்தனை துறைகள் இருக்கிற நாட்டில் ஒரு படகைக் கட்ட ஒரு துறை இல்லை.

"நமக்கு ஏது ஐயா படகும் பிரயாணமும்? இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு" என்று சொல்கிறவர்களை நான் பேசின் பிரிட்ஜ் வரையில் அழைத்துப் போக விரும்புகிறேன். ரயிலில் சென்னைக்குப் போகிற ஒவ்வொருவரும் அறிந்த பெயர். பேசின் என்றால் என்ன? கால்வாயில் வந்த தோணிகள் ஒதுங்கி நின்று சரக்கு இறக்குவதற்காக ஏற்பட்ட நீர்த்தொட்டி. பக்கத்திலே சால்ட் கொட்டார்ஸ், உப்புக் கொட்டாரம். எந்த வழியாக வந்த உப்பு? கால்வாய் வழியாக. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே ஆரம்பித்த அந்தக் கால்வாய் வடக்கே ஆந்திரம் வரையில் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்திலே, 1877-78இல், பசியால் எலும்பும் தோலுமாக வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. வெட்டியவர்களின் பெயரை எந்தக் கால்வாய்க்குத்தான் வைத்தார்கள்? வடக்கே உள்ள கால்வாய்களோடு சேர்த்துப் பார்த்தால், காக்கிநாடாவில் தோணி ஏறியவன் மரக்காணத்துக்குப் பக்கம் வரையில் கடலைத் தொடாமலே வந்து இறங்கலாம். ஏறக்குறைய 800 கிலோமீட்டர்! விறகும் உப்பும் நெல்லும் அதிலே வந்தன. தோணிக்காரன் பாய் கட்டினான். காற்று விழுந்தால் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். இருட்டினால் கட்டிவிட்டுச் சோறு பொங்கினான். பாரதிதாசன் 1934இல் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் போனது இந்தக் கால்வாயில் தோணி ஏறித்தான். 'மாவலிபுரச் செலவு' என்று அதைப் பற்றிப் பாட்டும் எழுதினார். அவர் வெள்ளைக்காரரா, விளையாட்டுப் பிள்ளையா?

1965லும் 1966லும் அடித்த புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. புயலை நான் குற்றம் சொல்லவில்லை. ரயில் பாலம் புயலில் போனால் திரும்பக் கட்டுகிறோம். கால்வாய் போனால், "சரி, தொலைந்தது" என்று சாக்கடையைத் திருப்பி விடுகிறோம். பிறகு 1990களில், சென்னைப் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடியவர்கள் கால்வாயையே கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்கு வாய் இல்லை. கோர்ட்டுக்குப் போகத் தெரியாது.

இப்படியெல்லாம் ஆகக் கூடாது என்று தொண்டை வறளக் கத்திய ஒரு மனிதர், வேடிக்கையைப் பாருங்கள், நம் முக்கொம்பில் அணை கட்டியவர். ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். பிறகு கோதாவரிக்குப் போனார். 1852க்குள் தவளேசுவரத்தில் அணையை முடித்தார். அங்கே பாசனக் கால்வாய்களைப் படகும் போகிற மாதிரி, இடையிடையே லாக் வைத்து வெட்ட வைத்தார். ஒரே தண்ணீர் வயலுக்கும் பாயும், நெல் மூட்டையையும் சுமக்கும் என்பது அவர் கட்சி. ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று சீமையில் போய் வாதாடித் தோற்றார். கோதாவரிக்காரர்கள் அவருக்கு ஊர்தோறும் சிலை வைத்திருக்கிறார்கள். காவிரிக்கோ அந்த யோகம் வாய்க்கவில்லை. நம் பழைய வாய்க்கால்கள் பாசனம் ஒன்றுக்கே ஆனவையாக நின்றுவிட்டன.

சரி, காட்டன் தோற்ற அந்தச் சீமையிலே என்ன ஆயிற்று? அங்கேயும் ரயில் வந்து கால்வாய்களைத் தின்றது. இரண்டாவது மகா யுத்தம் முடிந்தபோது பல கால்வாய்கள் பாசி பிடித்துக் கிடந்தன. ரோல்ட் என்று ஓர் எஞ்சினீயர் 'கிரெஸ்ஸி' என்ற குறுகிய படகையே வீடாக்கிக்கொண்டு கால்வாய் கால்வாயாகத் திரிந்து, 1944இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1946இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 1947இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஸ்ட்ராட்போர்டு கால்வாயில், தூக்கித் திறக்கிற பாலம் ஒன்று பழுதாகிவிட, ரயில் கம்பெனி அந்த இடத்தில் தாழ்வாக ஒரு நிலைப் பாலத்தைப் போட்டு வழியை மூடியிருந்தது. யாரும் படகில் வராத கால்வாய்தானே என்ற தைரியம். ரோல்ட், "நான் வருகிறேன். இது படகு போகச் சட்டப்படி உரிமையுள்ள கால்வாய்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போய்ப் பாலத்தடியில் நின்றார். கம்பெனியார் ஆட்களைக் கூட்டி வந்து, பாலத்தை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டியதாயிற்று! ஒரே ஒரு படகுக்காக! இன்று அந்த நாட்டில் 30,000க்கு மேற்பட்ட படகுகள் உரிமம் வாங்கிக் கால்வாய்களில் உலவுகின்றன. மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. நிலையான துறை இல்லாதவன் ஓரிடத்தில் பொதுவாக 14 நாள் வரையில் கட்டலாம், பிறகு நகர வேண்டும். 1995ஆம் வருஷத்துச் சட்டம் இது. என் நண்பர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அங்கே பதில் இருக்கிறது.

சீமை வேண்டாம் என்றால் ஆலப்புழைக்கு வாருங்கள். வேம்பநாட்டுக் காயலில் கெட்டுவள்ளங்கள் பொழுது சாய்வதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும். ஏன்? இரவு மீனவர்கள் வலை போடுகிற நேரம். பகலில் உல்லாசிக்கு, இரவில் உழைப்பாளிக்கு. இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீரில் இடம் வைக்க ஒரு கட்டுப்பாடு போதுமாயிருக்கிறது. அந்தக் காயலை வள்ளங்களின் கழிவு கெடுக்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. அளவுக்கு மிஞ்சி, வெறும் காசுக்காக விட்டால் அப்படித்தான் ஆகும்.

என்மீது வருகிற கணைகள் எனக்குத் தெரியும். "உழவன் தண்ணீருக்கு ஏங்குகிறான், நீர் பணக்காரனுக்குப் படகு கேட்கிறீரே" என்பார்கள். 30,000 ஏக்கருக்கு மேல் இந்த வாய்க்கால் பாய்கிறது. அதில் ஒரு கைத் தண்ணீரைக் கூடப் படகு குடிக்காது. கரை கெடும் என்பார்கள். கோல் ஊன்றிப் போகிற படகு கரையைக் கெடுக்காது. கெடுப்பது எது என்று பாலக்கரைப் பக்கம் நின்று ஒரு தரம் மூச்சிழுத்துப் பார்த்தால் தெரியும். வருஷம் முழுவதும் தண்ணீர் இல்லையே என்பார்கள். மெய்தான். மேட்டூர் திறக்கிற காலத்துக்குத்தான் நானும் கேட்கிறேன். மதகுகளும் தாழ்ந்த பாலங்களும் குறுக்கே நிற்கின்றன என்பார்கள். அதுவும் மெய்; பேட்டைவாய்த்தலை முதல் துவாக்குடி வரையில் ஒருவன் உட்கார்ந்த வாக்கில் மிதந்து வந்துவிட முடியாது. தூக்கி வைக்கத் தெம்புள்ளவன் தூக்கட்டும்.

ஆனால் ஒரு கணை மட்டும் என்னைச் சுடுகிறது. "உம்முடைய நண்பருக்குப் படகு கட்டக் காசு இருந்தது. வாய்க்கால் கரையில் குடிசை போட்டவனை அப்புறப்படுத்தினார்களே, அவனுக்காக நீர் எழுதினீரா?" இல்லை, எழுதவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கரையை ஆள் தங்கக் கூடாத இடம் என்று முடிவு கட்டியபின் அங்கே யார் தங்குகிறார்கள்? கோழிக் கழிவு மூட்டையும் பிளாஸ்டிக்கும் கட்டிட இடிபாடும் தங்குகின்றன. அவற்றை யாரும் டார்ச் லைட் அடித்து எழுப்புவதில்லை. நகரத்துக்குள் சில இடங்களில் நடைபாதை போட்டுக் கம்பி வேலி வைத்தார்கள். தண்ணீரை வேலிக்கு அப்பால் நின்று பார்க்கலாம், மிருகக் காட்சிச் சாலையில் புலியைப் பார்ப்பதுபோல. இறங்கக் கூடாது. இறங்காத தண்ணீர் அழுக்கானால் எவனுக்கு வலிக்கும்? ராத்திரி அதன்மேல் படுத்துக் காலையில் அதிலே முகம் கழுவ வேண்டியவனுக்கு வலிக்கும். அவன் கூச்சல் போடுவான். அந்தக் கூச்சல்காரனைத்தான் நான் வாய்க்காலில் இறக்கப் பார்க்கிறேன்.

2016இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்து, 111 தேசிய நீர்வழிகள் என்று ஜாபிதா போட்டது. அதிலே காவிரி-கொள்ளிடமும் உண்டு. பட்டம் பெரிது. அந்தப் பட்டத்தை நம்பி இந்தக் கரையில் ஒரு முளை நட்டதை நான் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு மாசியில் தெப்பம் உண்டு. அவருக்கும் சுற்றி வந்து மண்டபத்தில் இறங்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மனிதனுக்கு இல்லை.

நான் கோடி ரூபாய்த் திட்டம் கேட்கவில்லை. மிதக்கும் ஓட்டல் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம், அன்ன வடிவத்தில் மிதிபடகு நிச்சயமாக வேண்டாம். பேட்டைவாய்த்தலையில் ஒன்று, உய்யக்கொண்டான் திருமலையில் ஒன்று, பாலக்கரையில் ஒன்று, வாழவந்தான்கோட்டையில் ஒன்று. நாலு படிக்கட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு, ஒரு கழிப்பிடம், கயிறு கட்ட இரண்டிரண்டு முளை. தேக்கு வேண்டாம், தென்னங்கட்டை போதும். ஒரு பலகையில், 'இரவு படகு கட்டலாம், மூன்று நாள் வரை' என்று எழுதினால் சரி. அந்தக் குமாஸ்தாவுக்கும் ஒரு புது ஃபைல் திறக்க வழி பிறக்கும்.

போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். படகைக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதனடியில் ஒரு கோழி பதினோரு முட்டை வைத்து அடைகாக்கிறது. "குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் இன்னொரு மனு எழுதலாம்" என்கிறார்.