கப்பல் காப்பீடு கற்றுத் தரும் பாடம்

நட்டம் வராத வணிகம் உலகில் எங்கும் கிடையாது. ஆனால் வருகிற நட்டத்தை ஒருவரே தாங்கி அழிவதா, பலர் பகிர்ந்துகொண்டு பிழைப்பதா என்பதில்தான் வணிக சமுதாயத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. இன்று பெரும் வணிக நாடாக விளங்கும் அமெரிக்கா, தன் ஆரம்ப நாட்களில் இந்தக் கேள்விக்கு எப்படி விடை கண்டது என்பதை நம் வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த காலம். பிலடெல்பியா, பாஸ்டன் துறைமுக வணிகர்கள் கோதுமை மாவு, உப்பிட்ட மீன், மரம் ஆகியவற்றை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி, சர்க்கரையும் வெல்லப்பாகும் வாங்கி வந்தார்கள். பெரும்பாலும் நம்மைப் போல் மளிகைச் சரக்குதான்! புயலுக்கும் பாறைக்கும் கடற்கொள்ளைக்கும் தப்பி வந்தால்தான் அது சரக்கு. ஒரு கப்பல் மூழ்கினால் ஒரு குடும்பமே மூழ்கும்.

காப்பீடு வேண்டுமென்றால் பெரும்பாலும் லண்டனுக்கு எழுத வேண்டியிருந்தது. பாய்மரக் கப்பலில் கடிதம் போய்ப் பதில் வர மாதங்கள் ஆகும். அதற்குள் கப்பல் கரை சேர்ந்திருக்கும். இல்லையேல் கடலுக்கு அடியில் போயிருக்கும்.

இந்தத் தொல்லையைச் சுட்டிக்காட்டி, 1721-ஆம் ஆண்டு மே மாதம் ஜான் காப்சன் என்பவர் பிலடெல்பியா பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். தம் வீட்டிலேயே கப்பல் காப்பீட்டு அலுவலகம் திறப்பதாகவும், பொறுப்பேற்பவர்கள் நாணயமும் நற்பெயரும் உள்ளவர்களாகவே இருப்பார்கள் என்றும் அறிவித்தார்.

அன்றைய முறை மிகவும் எளிது. தரகர் தம் அலுவலகத்தில் பாலிசியை வைத்திருப்பார். ஊர் வணிகர்கள் வந்து பார்த்து, தாம் தாங்கக்கூடிய தொகையை எழுதி, கீழே கையெழுத்திடுவார்கள். 600 பவுன் சரக்கு என்றால் ஆறு பேர் ஆளுக்கு 100 பவுன் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் வந்து சேர்ந்தால் பிரீமியம் அவர்களுக்கு லாபம். மூழ்கினால் ஆளுக்கு 100 பவுன் கொடுக்க வேண்டும். இன்று கையெழுத்திட்டவரே நாளை தம் சரக்குக்கு மற்றவர்களின் கையெழுத்தைத் தேடி வருவார். போட்டி வணிகர்களே ஒருவருக்கொருவர் துணை நின்ற ஏற்பாடு இது.

இதிலும் ஒரு குறை இருந்தது. கையெழுத்திட்டவர் நொடித்துப் போனால் அவர் பங்கு கிடைக்காது. விடுதலைக்குப் பிறகு இதற்கும் வழி கண்டார்கள். 1792-இல் பிலடெல்பியாவில் 'இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்கா' தோன்றியது. மூலதனம் 6,00,000 டாலர். பங்கு ஒன்று 10 டாலர் வீதம் 60,000 பங்குகள். சிறு தொகை உள்ளவரும் சேரலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். தனி மனிதரின் கையெழுத்து நின்ற இடத்தில் பலருடைய கூட்டு முதல் வந்து நின்றது. நாட்டின் பணமும் லண்டனுக்குப் போகாமல் நாட்டுக்குள்ளேயே சுழன்றது.

சோதனையும் உடனே வந்தது. ஐரோப்பியப் போரின்போது, 1796-97-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் 300க்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டன. பிரீமியம் எகிறியது. காப்பீட்டாளர்கள் பெருந்தொகை கொடுக்க நேர்ந்தது. ஆயினும் கப்பல் போக்குவரத்து நின்றுவிடவில்லை. அந்த நட்டத்துக்கான கோரிக்கைகளை விசாரிக்க 1885-இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகும், வணிகர்களின் வாரிசுகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் தத்தம் உரிமையைக் கேட்க முடிந்ததென்றால், அது பழைய கணக்குகளும் பத்திரங்களும் பேசியதால்தான்.

காப்பீடு என்பது பணத்தால் மட்டும் நிற்பதல்ல. அக்காலக் கப்பல் பாலிசிகளில் 'மூழ்கியிருந்தாலும் மூழ்காதிருந்தாலும்' என்ற பொருளில் ஒரு வாசகம் உண்டு. பாலிசி எடுக்கும் நாளில் கப்பல் ஏற்கெனவே மூழ்கியிருந்தாலும் ஈடு உண்டு. ஆனால் எடுப்பவருக்கு அது தெரிந்திருக்கக் கூடாது! தெரிந்தும் மறைத்தால் பாலிசி செல்லாது. செய்தியே மெதுவாக வந்த காலத்தில் இந்த நாணயத்தை நம்பியே தொழில் நடந்தது.

படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. நியூயார்க்கிலிருந்து பிரேசிலுக்குப் போன 'அரோரா' கப்பலைப் போர்ச்சுக்கீசியர் பிடித்துக்கொண்டனர். போர்ச்சுக்கீசியருடன் தடை செய்யப்பட்ட வாணிபம் செய்வதால் வரும் நட்டத்துக்கு ஈடு இல்லை என்று பாலிசியில் எழுதியிருந்தது. 1804-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வாணிபத்துக்கு முயன்றதற்காகப் பிடித்தாலும் விதிவிலக்கு பொருந்தும் என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். சாட்சியக் குறையால் வழக்கு மறு விசாரணைக்குப் போனது வேறு விஷயம். ஒரு வரியின் வலிமையைப் பாருங்கள்!

கப்பல் கதை கடைக்காரருக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டில் லாரியிலும் ரயிலிலும் வரும் சரக்குக்கான காப்பீட்டுக்கும் 'மரைன்' என்றுதான் பெயர். 1963-ஆம் ஆண்டின் நமது கடல்சார் காப்பீட்டுச் சட்டமும் முழு நாணயத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஆக, வழி ஒன்றுதான்.

பிரீமியம் வீண் செலவு என்று சொல்லும் வழக்கத்தை நாம் விட வேண்டும். கிடங்கிலும் வழியிலும் உள்ள சரக்கின் உண்மை மதிப்பைச் சொல்ல வேண்டும். குறைத்துச் சொல்லி மிச்சம் பிடிப்பது, நட்டம் வரும் நாளில் நம்மையே பிடிக்கும். விதிவிலக்குகளை வரி விடாமல் படிக்க வேண்டும். புரியாததைக் கேட்க வேண்டும். கொள்முதல் பில்லையும் இருப்புக் கணக்கையும் கடைக்கு வெளியேயும் ஒரு படி வைத்திருக்க வேண்டும். தனித்தனியே போய் நிற்பதைவிட, சங்கத்தின் வழியாக ஒன்றுசேர்ந்து காப்பீட்டு நிறுவனங்களிடம் பேசினால் நம் குரலுக்கு மதிப்புக் கூடும்.

பத்து டாலர் பங்குகளைச் சேர்த்து ஒரு நாட்டின் கப்பல்களுக்கே பாதுகாப்புத் தேடினார்கள். கூடி நின்றால் நம் கடைவீதிக்கு நாமும் தேடிக்கொள்ளலாம். தீப்பிடித்த மறுநாள் யோசிப்பதில் பயனில்லை. யோசிக்க வேண்டிய நாள் இன்றுதான்.