கடலில்லா ஊரில் கடல் மீன்

பட்டான்செரு கடற்கரை ஊர் அன்று. தெலங்கானா மாநிலத்தின் சங்காரெட்டி மாவட்டத்தில், ஐதராபாத்துக்கு வடமேற்கே, கடல் மட்டத்திற்கு 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த மேட்டு நிலம் அது. வங்கக் கடல் அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1972-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலாக, சோளம், கம்பு, நிலக்கடலை, துவரை முதலிய பயிர்களைப் பற்றிப் பணியாற்றுவோர் அவ்வூரின் பெயரை நன்கு அறிவர். இத்தகைய உள்நாட்டு ஊர்களிலுங்கூட, பவளப்பாறைகளில் வாழும் சிறு மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது இன்று இயலும். கடலுப்புக் கலவை பொட்டலங்களில் விற்கப்படுகிறது. மீனோ, நீரும் பிராணவாயுவும் அடைத்த பையில் வந்து சேர்கிறது. ஆயினும், அம்மீன் எங்கிருந்து வந்தது, தொட்டி நீர் இறுதியில் எங்கே போகிறது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை தெரியாத ஒருவர் அதனை வளர்க்க முற்படுதல் தகாது.

முதற் கேள்வியை எடுத்துக் கொள்வோம். இவ்வகை மீன்களுள் பலரும் விரும்புவது கோமாளி மீன். ஏறக்குறைய ஒரு விரல் நீளமும், செம்மஞ்சள் உடலில் வெண்பட்டைகளும் கொண்ட இதனை, 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ என்னும் திரைப்படம் உலகெங்கும் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தியது. இம்மீன் கடற்சாமந்தி என்னும் உயிரியின் கொட்டும் கரங்களுக்கிடையே குடியிருப்பது. அவ்விடத்தை விட்டு அதிக தூரம் செல்லாது. பகை மீன்களிடமிருந்து அதனைக் காக்கும் இவ்வழக்கமே, மனிதர் கைக்கு அதனை எளிதில் அகப்படச் செய்கிறது. ஒரு கடற்சாமந்தியில் வாழும் குழுவில் மிகப் பெரிய மீன் பெண். அடுத்தது அதன் துணையான ஆண். ஏனையவை முதிர்ச்சியடையாத சிறு மீன்கள். பெண்ணைப் பிடித்து அகற்றிவிட்டால், ஆண் மீன் பெண்ணாக மாறும்; சிறியவற்றுள் பெரியது ஆணின் இடத்தை அடையும். இம்மாற்றம் நிறைவேறும் வரை அக்குழுவில் இனப்பெருக்கம் தடைப்படும். ஆகவே, ஒரே ஒரு மீனை எடுப்பதால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பது பொருந்தாது.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் வெப்பம் மிகுந்தமையால் அங்குள்ள பவளங்கள் நிறமிழந்து துன்புற்றன. அத்தகைய இடங்களிலிருந்து அழகுக்காக உயிர்களைக் கவர்வது, நோயாளியிடமிருந்து இரத்தம் எடுப்பது போன்றதாகும். மேலும், பாறை அமைக்கும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளன. தொட்டிக்கு அழகு சேர்க்கும் பொருட்டு அவற்றை வாங்குவோர் குற்றத்திற்கு உடந்தையாவர்.

நல்வாய்ப்பாக, கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்கவேண்டிய தேவையே இல்லை. 1947-இல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இம்மீனைத் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சுகளை வளர்க்கும் முறையைக் கண்டுள்ளன. ஓட்டிலோ கல்லிலோ இடப்படும் முட்டைகளை ஆண் மீன் காவல் காக்கிறது. சுமார் ஒரு வாரத்தில், இருட்டிய பின்னர், குஞ்சுகள் வெளிப்படுகின்றன. ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரை முதலுணவாக உண்டு, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அவை தம் இனத்திற்குரிய வண்ணத்தைப் பெறத் தொடங்குகின்றன. இவ்வாறு பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. கொடுக்கும் தீனியை உண்ணும். பகை மீன் இல்லாத தொட்டியில் கடற்சாமந்தி இன்றியே நலமாக வாழும்.

பொரிப்பக மீன்களை மட்டும் வாங்கினால், மீன் பிடித்து விற்கும் கடலோர மக்களின் பிழைப்பு கெடாதா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆனால் பாறை வறண்டுபோனால் அப்பிழைப்பும் நிலைக்காது. குஞ்சுகளை வாங்கி விற்பனை அளவுக்கு வளர்க்கும் தொழிலைக் கடலோரக் குடும்பங்களே, சிறப்பாகப் பெண்கள், சிறிய தொட்டிகளில் நடத்த இயலும். வாங்குவோர் பொரிப்பக மீனையே கேட்கும்போதுதான் அத்தொழில் வேரூன்றும்.

இனி நீரைப் பற்றி. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. 100 லிட்டர்த் தொட்டிக்கு மூன்றரை கிலோ வேண்டும். இதனைக் கிணற்று நீரில் கரைத்தல் கூடாது. பட்டான்செருவில் தொழிற்சாலைக் கழிவுகளால் நிலத்தடி நீர் கெட்ட செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சுத்திகரிப்புக் கருவியில் வடித்த நீரே ஏற்றது. கோடையில் தொட்டி நீர் வற்றும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது; ஆதலின் குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும். வெப்பம் 28 பாகை செல்சியசுக்கு மேற்படாதிருத்தல் நலம். 30 பாகையில் கடல்நீர் ஏற்கும் பிராணவாயு, நன்னீர் ஏற்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மின்சாரம் தடைப்பட்டால் மீன் விரைவில் மூச்சுத் திணறும்.

நீர் ஆயத்தமான உடனே மீனை விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, பின் நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறுவதைக் களப்பணியாளர் அறிவர். மண்ணில் நிகழ்வது போன்றே தொட்டியிலும் நுண்ணுயிர்கள் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை சிறிது அம்மோனியா இட்டு, மீனின்றித் தொட்டியை இயக்க வேண்டும். பள்ளியில் இவ்வாரங்கள் வீணல்ல. மாணவர் வாரந்தோறும் நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்குவதை வரைபடமாகக் குறித்தால், நைட்ரஜன் சுழற்சியைப் பாடநூலைவிடத் தெளிவாகக் கற்பர்.

இரண்டாவது கேள்வி பெரும்பாலும் எவரும் கேளாதது. வாரந்தோறும் 10 லிட்டர் நீரை மாற்றினால், ஆண்டில் 18 கிலோவுக்கும் மேற்பட்ட உப்பு வெளியேறும். இதனைத் தோட்டத்திலோ மரத்தடியிலோ கொட்டினால், தக்காணத்துக் கரிசல் மண்ணில் சோடியம் சேர்ந்து களிமண் துகள்கள் பிரியும், மண் இறுகும், நீர் இறங்காது, வேர் வாடும். களர் நிலத்தைச் சீர்திருத்த உழைத்தோர் இத்தீங்கை அறிவர். கழிவு நீரைப் பாதாளச் சாக்கடையிலேயே விடவேண்டும். அவ்வசதி இல்லாத ஊர்ப் பள்ளி கடல்நீர்த் தொட்டியைத் தவிர்த்து நன்னீர் மீன்களை வளர்ப்பதே முறை.

ஆகவே, தொட்டி அமைப்பது பற்றி ஆலோசனை கேட்டு வருவோரிடம் ஆசிரியரும் களப்பணியாளரும் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: மீன் பொரிப்பகத்தில் பிறந்ததா, மீன் வருமுன் ஆறு வாரம் பொறுக்க இயலுமா, உப்பு நீரை விட இடம் உண்டா? மூன்றிற்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் ஓர் இணை மீன்களை வளர்க்கலாம். ஒன்றிற்கேனும் இல்லை என்ற விடை வருமாயின், அம்முயற்சியை ஒத்திவைக்குமாறு தயங்காது கூறுதல் அவர்தம் கடமையாகும்.