தொழில் ரகசியமும் ஜீவனோபாயமும்

திண்டுக்கல் பட்டறையில் பூட்டு வேலை பழகிய கன்னிவாடி வாலிபன் ஒருவன் நாளை எதிர்ப்பட்டறையில் சேர்ந்தால், அவனைத் திருடன் என்று எவரும் சொல்லமாட்டார். அவன் கொண்டுபோனது தன் கைப்பழக்கம். முதலாளியின் வாடிக்கைக்காரர் ஜாபிதாவை மடியில் செருகிக்கொண்டு போனால் அது வேறு விஷயம். பழனி மலையடிவாரத்தில் எல்லோருக்கும் விளங்கும் இந்த வித்தியாசம், உத்தியோகஸ்தர் விலகும்போதெல்லாம் கோர்ட்டுக்கு ஓடும் பெரிய கம்பெனிகளுக்கு மாத்திரம் விளங்குவதில்லை போலும்.

சுப்ரீம் கோர்ட்டு இதை இரு முறை ஆராய்ந்திருக்கிறது. கல்யாணில் டயர் நூல் ஆலை அமைத்த செஞ்சுரி கம்பெனி, அந்நியக் கம்பெனிகளுக்குப் பணங்கொடுத்துச் செய்முறையைப் பெற்றது. அதை ரகசியமாகக் காப்பதாகவும் ஒப்புக்கொண்டது. அதன் ஷிப்டு சூப்பர்வைசர் நிரஞ்சன் சங்கர் கோலிகரி, ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியுமுன்பே, 560 ரூபாய்ச் சம்பளத்தில் கோட்டாவிலுள்ள ராஜஸ்தான் ரேயானில் சேர்ந்தார். அவர்மீதான தடையை 1967-இல் கோர்ட்டு ஊர்ஜிதம் செய்தது. தடை ஒப்பந்த காலத்துக்கு மட்டுமே என்பதைக் கவனிக்கவேண்டும்.

சூப்பரின்டென்டென்ஸ் கம்பெனியின் டில்லிக் கிளை மானேஜர் கிருஷன் முர்காயின் விஷயம் வேறு. கம்பெனியே 1978-இல் அவரை நீக்கிற்று; பிறகு இரண்டு வருஷம் போட்டித் தொழில் செய்யலாகாதென்றும் வழக்காடிற்று! தடை விதிக்க 1980-இல் கோர்ட்டு மறுத்துவிட்டது. தானாக விலகியவரையே அந்த ஷரத்து கட்டும் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி ஏ. பி. ஸென் இன்னும் ஒருபடி சென்று, வேலை முடிந்த பின்னர் விதிக்கும் தடை 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி செல்லாது என்றார். அந்நிய ஆட்சியில் பிறந்த பிரிவாயினும் உழைப்பாளிக்கு அது ஓர் அரண்.

தொழில் ரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்று 2024 மார்ச்சில் சட்டக் கமிஷன் தனது 289-வது அறிக்கையில் சிபார்சு செய்தது. அதை நாம் எதிர்க்கவில்லை. பணமும் வருஷங்களும் செலவிட்டுக் கண்ட செய்முறையைப் போட்டிக்காரனுக்கு விற்பது துரோகமே. ஆனால் எது ரகசியம் என்று திட்டமாகச் சொல்லாமலே இடைக்காலத் தடை கேட்கும் வழக்கத்துக்கு அச்சட்டம் இடந்தரலாகாது. வழக்கு முடியும்வரை பெரிய மானேஜர் சேமிப்பில் காலந்தள்ளுவார். கன்னிவாடியிலிருந்து படித்துச் சென்னைக்குப் போய், சேர்ந்த அன்றே நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட்ட பிள்ளை என்ன செய்வான்? அவனைச் சும்மா உட்காரவைக்க விரும்பும் கம்பெனி, அத்தனை மாதங்களுக்கும் முழுச் சம்பளம் கொடுக்கட்டும். இந்த ஷரத்தையும் மசோதாவில் சேர்க்குமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.