பொறுமைக்குச் சிலை வைக்காதீர்கள்

கொஞ்ச நாளாக என் கைப்பேசியில் ஒரே மாதிரிக் காணொளிகள் வந்துகொண்டிருக்கின்றன. கணுக்கால்வரை தொங்கும் பூப்போட்ட கவுன், மர மேசை, மாவு பிசையும் கை, ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, பின்னணியில் வயலின். செய்தி ஒன்றேதான்: அந்தக் காலத்துப் பெண்கள் யாரையும் நம்பி வாழவில்லை, அரசாங்கத்திடம் கையேந்தவில்லை, முணுமுணுக்கவில்லை. நாமும் அப்படி வாழ்வோம்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கெல்லாம் மூல மாதிரியாக இருக்கிற ஒரு பெண் நிஜமாகவே வாழ்ந்திருக்கிறார். அவரைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. அவற்றைப் படித்தால் வயலின் சத்தம் நின்றுவிடும்.

அவர் பெயர் கரோலின் இங்கல்ஸ். இரண்டாவது மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர் 1932 முதல் 1943 வரை எழுதிய எட்டு ‘லிட்டில் ஹவுஸ்’ நாவல்களில் வரும் ‘மா’ இவர்தான். 1974-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அந்த அம்மாவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எல்லைப்புறத்துப் பெண் என்றவுடன் அமெரிக்கர்கள் மனதில் வருகிற முகம் ஏறத்தாழ அவருடையது. வெட்டுக்கிளி வந்தாலும் பனிப்புயல் வந்தாலும் தலைமுடியை வாரிக்கொண்டு, மேசை விரிப்பைச் சரிசெய்துவிட்டு, புன்னகைக்கிற முகம்.

எனக்கு அந்த அம்மாவோடு சண்டை இல்லை. அவரைப் புகழ்கிறவர்களோடுதான்.

*

கரோலின் 1839-இல் விஸ்கான்சினில் பிறந்தார். ஐந்து வயதில் அப்பா மிச்சிகன் ஏரியில் கப்பலோடு மூழ்கிப் போனார். வளர்ந்து பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார். 1860-இல் சார்லஸ் இங்கல்ஸுடன் திருமணம். அதற்குப் பிறகான வாழ்க்கையை ஊர்ப் பெயர்களாலேயே சொல்லிவிடலாம். விஸ்கான்சினிலிருந்து கான்சாஸ். திரும்ப விஸ்கான்சின். அப்புறம் மின்னசோட்டா. அப்புறம் அயோவா. மறுபடி மின்னசோட்டா. கடைசியாக டகோட்டா. 1869-க்கும் 1879-க்கும் இடையில் மாநிலம் விட்டு மாநிலமாக ஆறு முறை மூட்டை கட்டியிருக்கிறார். பெரும்பாலும் கூண்டு வண்டியில், கையில் குழந்தையோடோ வயிற்றில் குழந்தையோடோ.

இதைப் படிக்கிறவர்கள் உடனே “என்ன மாதிரி மன உறுதி!” என்கிறார்கள். நான் கேட்பது வேறு. போகலாம் என்று முடிவெடுத்தது யார்?

1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 160 ஏக்கர் நிலம், சிறு கட்டணம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர்செய்தால் பட்டா. இருபத்தொரு வயது நிரம்பிய யாரும் கேட்கலாம். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும்கூடக் கேட்கலாம். கணவனோடு குடும்பம் நடத்துகிற பெண் மட்டும் கேட்க முடியாது, ஏனென்றால் குடும்பத் தலைவன் கணவன். ஆக, கரோலின் பள்ளி ஆசிரியையாகவே தனியாக இருந்திருந்தால் அவர் பேரில் 160 ஏக்கர் கிடைத்திருக்க வழி உண்டு. மனைவியாகி, ஐந்து குழந்தை பெற்று, ஊர் ஊராக அடுப்பு மூட்டிய கரோலினுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு ஏக்கரும் கிடையாது. அவர் உழைப்பில்லாமல் எந்தப் பட்டாவும் உறுதியாகியிருக்காது. ஆனால் பட்டாவில் அவர் பெயர் இருக்காது.

சார்லஸுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. மேற்கு என்றால் கிறுக்கு. நாவல்கள் இதை ஒரு கவித்துவக் குணமாகச் சொல்கின்றன. பிடிலும் கையுமாக நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற அப்பாவை எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது? அந்த நட்சத்திரத்துக்கான செலவுக் கணக்கு முழுக்க அம்மாவின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தேர்ந்தெடுக்க வழியில்லாதவர் தாங்கிக்கொண்டதை வீரம் என்று சொல்வது கேட்க மரியாதையாக இருக்கும். தேர்ந்தெடுக்க ஏன் வழியில்லை என்ற கேள்வி அதோடு மறைந்துபோகும்.

*

நம் ஊரில் பொறுமைசாலிப் பெண்ணைப் பூமாதேவி என்பார்கள். கரோலின் விஷயத்தில் அந்த உவமை ஒரு சங்கடத்தில் போய் முட்டுகிறது. அவர் பொறுமையாகக் குடியிருந்த பூமியே வேறொருவருடையது.

கான்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களுக்கென்று ஒப்பந்தப்படி மிச்சம் வைக்கப்பட்டிருந்த நிலம். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்’ பார்த்தவர்களுக்கு ஓசேஜ் என்ற பெயர் தெரியும். எண்ணெய்க்காக 1920-களில் கொல்லப்பட்டார்களே, அவர்களேதான். ஓக்லஹோமாவுக்கு அவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதன் முந்தைய அத்தியாயம் இந்தக் கான்சாஸ் புல்வெளியில் நடந்தது. 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கல்ஸ் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. நிலமதிப்பு எழுத வேண்டிய கட்டம் காலி. நிலம் ஓசேஜ்களுடையது, குடியேறியவர்களுக்கு உரிமைப் பத்திரம் எதுவும் கிடையாது என்று கணக்கெடுத்தவரே குறித்து வைத்திருக்கிறார். நம் தாலுகா அலுவலக மொழியில் சொன்னால், ஆக்கிரமிப்பு.

“அட, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே இருந்தாங்க, இன்னிக்கு அளவுகோலை வச்சு அன்னிக்கு மனுஷங்களை அளக்கலாமா?” இது வழக்கமாக வருகிற பதில். அன்றைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். ஓசேஜ் மக்களுக்கான அரசு முகவர் அந்த வருடமே மேலிடத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளையர்கள் குதிரைகளைத் திருடுகிறார்கள், விளைச்சலை எடுத்துக்கொள்கிறார்கள், கல்லறைகளைக்கூடத் தோண்டுகிறார்கள் என்று. தப்பு என்று அன்றே தெரிந்திருந்தது. தப்பு என்று சொன்னவர்களுக்கு வாஷிங்டனில் ஆள்பலம் இல்லை, அவ்வளவுதான். 1870 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் உள்ள ட்ரம் கிரீக்கில் ஓசேஜ்கள் நிலத்தை விட்டுப் போகச் சம்மதிக்க வைக்கப்பட்டார்கள். குடியேறிகளுக்கு ஏக்கர் ஒன்றேகால் டாலர் விலை நிர்ணயமானது.

நாவலில் கதை தலைகீழ். அரசாங்கப் படை வந்து வெள்ளையரைத் துரத்தப் போகிறது என்று கேள்விப்பட்டு, அப்பா கோபத்தோடு வண்டியைப் பூட்டுகிறார். நடந்ததோ, விஸ்கான்சினில் அவர்கள் விற்றுவிட்டு வந்த இடத்தை வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை. வீடு திரும்பி வந்தது, இவர்களும் திரும்பினார்கள். துரத்தப்பட்டது யார் என்ற இடத்தில் ஓசேஜ்களுக்குப் பதிலாக இங்கல்ஸ் குடும்பம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு தந்திரமும் அந்த நாவலில் இருக்கிறது. அதைக் கவனித்து எழுதுகிறவர்கள் குறைவு. இந்தியர்களை வெறுக்கிற வேலை அம்மாவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வியந்து ரசிக்கிற வேலை அப்பாவுக்கு. படித்து முடிக்கும்போது அம்மா குறுகிய மனதுக்காரி, அப்பா பெருந்தன்மைக்காரர். ஆனால் அந்த நிலத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது யார்? சுவர் எழுப்பியது யார்? அம்மாவின் வெறுப்பு நிஜமாகவே இருந்திருக்கலாம், அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் ரசித்துக்கொண்டே பிடுங்குகிறவரை மன்னித்துவிட்டு, பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பவர் தலையில் மொத்தப் பழியையும் வைக்கிற வாசிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

1935-இல் வந்த பதிப்பில், அங்கே மனிதர்கள் இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு இடம் இருந்தது. ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகு, 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குடியேறிகள்’ என்று போட்டார்கள். ஒரு சொல் மாற பதினெட்டு வருஷம்.

*

இனி, யாரையும் எதிர்பார்க்காத வாழ்க்கை என்ற கதைக்கு வருவோம்.

கான்சாஸில் குடும்பமே மலேரியாவில் விழுந்தபோது வைத்தியம் பார்த்தவர் ஜார்ஜ் டான், பக்கத்தில் குடியிருந்த கறுப்பின மருத்துவர். மின்னசோட்டாவில் 1870-களின் நடுவில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வருடா வருடம் வயலைத் தின்றன. சார்லஸ் கிழக்கே நடந்துபோய் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுவடை செய்தார். 1875 இறுதியில், தன்னிடம் எதுவுமே இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு, மாநில அரசிடம் நிவாரண மாவு வாங்கினார். அப்போது கரோலின் கையில் அந்த நவம்பரில் பிறந்த ஆண் குழந்தை. இந்த மாவு எந்த நாவலிலும் கிடையாது.

அந்தக் குழந்தையும் கிடையாது. சார்லஸ் ஃபிரெடெரிக் என்று பெயர்; ஃபிரெடி என்று கூப்பிட்டார்கள். 1876 கோடையில் அயோவாவுக்குப் போகும் வழியில் உறவினர் பண்ணையில் தங்கியிருந்தபோது ஒன்பது மாதத்தில் செத்துப்போனான். அடக்கம் செய்துவிட்டு வண்டி கிளம்பியது. அயோவாவின் பர் ஓக்கில் ஒரு விடுதியில் குடும்பமே வேலை பார்த்தது. மேரிக்குப் பதினொரு வயது, லாராவுக்கு ஒன்பது. தட்டு எடுத்தார்கள், பாத்திரம் கழுவினார்கள். மகள்கள் வளர்ந்துவிட்ட ஒரு மருத்துவரின் மனைவி லாராவைத் தத்து கேட்டு வந்தார். கரோலின் மறுத்துவிட்டார். கடைசியில் வாடகை பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

இதெல்லாம் லாரா 1930-இல் பெரியவர்களுக்காக எழுதிய ‘பயனியர் கேர்ள்’ கைப்பிரதியில் இருக்கிறது. எந்தப் பதிப்பகமும் எடுக்கவில்லை. 2014-இல்தான் புத்தகமாக வந்தது. குழந்தைகளுக்கான தொடரில் இந்த அயோவா வருடங்கள் மொத்தமாகக் காணாமல் போயின.

1879-இல் மேரிக்குப் பதினான்கு வயதில் பார்வை போனது. டகோட்டாவிலிருந்து அயோவாவில் உள்ள பார்வையற்றோர் கல்லூரிக்குப் போனார். படிப்புக் கட்டணத்தை ஏற்றது டகோட்டா பிரதேச அரசு. நாவலில், குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்புகிறது. லாராவே பிற்காலத்தில் மிசௌரியில், விவசாயிகளுக்கு மத்திய அரசுக் கடன் வாங்கித் தரும் சங்கத்தின் செயலாளராக ஏறத்தாழ பத்து வருடம் வேலை பார்த்தார். இலவச நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டமே அமெரிக்க வரலாற்றின் மாபெரும் அரசு மானியம்: மொத்தம் சுமார் 27 கோடி ஏக்கர்.

அப்படியானால் அரசின் கையை அழித்தது யார்? நாவல்கள் 1930-களின் பெருமந்தத்தில் எழுதப்பட்டவை. லாராவின் மகள் ரோஸ் வைல்டர் லேன் அவற்றை வரிக்கு வரி செப்பனிட்டார். ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களை அம்மா, மகள் இருவருமே வெறுத்தார்கள். ரோஸ் பின்னாளில் தனிமனிதச் சுதந்திரவாதத்தின் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடப்பட்டார். உணவு வரிசையில் நின்ற ஒரு தலைமுறைக்கு, ‘எங்கள் வீட்டில் யாரும் வரிசையில் நின்றதில்லை’ என்று சொல்லும் கதை கிடைத்தது. கரோலினின் வாழ்க்கை அதற்குக் கச்சாப்பொருள். மாவுக்காகக் கையெழுத்திட்ட வீட்டின் பெயரில், மாவு வாங்குவது கேவலம் என்று பாடம் நடத்தப்பட்டது. இன்று காணொளியில் மாவு பிசைகிறவர்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ, அவர்கள் விற்பது அந்தப் பாடத்தைத்தான்.

*

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவு, 1954 முதல் லாராவின் பெயரில் கொடுத்துவந்த சிறார் இலக்கிய விருதின் பெயரை மாற்றியது. சரியான முடிவு. தன் மக்களை மனிதர்களாகவே எண்ணாத ஒரு பெயரில் ஓசேஜ் எழுத்தாளர் ஒருவர் எப்படி விருது வாங்குவார்? ஆனால் அதோடு விஷயம் முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிட்டவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. தூக்கி எறிவதும் பூஜை போடுவதும் ஒரே வேலையைச் செய்கின்றன. படிக்காமல் இருக்க வழி செய்து கொடுக்கின்றன.

நான் சொல்வது எளிமையானது. கரோலினைப் படியுங்கள், நாவலோடு சேர்த்துக் கணக்கெடுப்புப் பதிவையும், நிவாரண விண்ணப்பத்தையும், ஃபிரெடியின் மரணத்தையும் படியுங்கள். அவர் ஒரே நேரத்தில் பிடுங்கிய கூட்டத்திலும் இருந்தார், பிடுங்கப்பட்டவராகவும் இருந்தார். முதலாவது இரண்டாவதை ரத்து செய்யாது. இரண்டாவது முதலாவதை மன்னிக்காது. இரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ள முடியாத வாசகருக்குத்தான் ‘வீரத் தாய்’ தேவைப்படுகிறாள்.

அந்த வாழ்க்கையில் என்னை நிறுத்தி வைக்கிற தருணம் ஒன்று உண்டு. அது வெட்டுக்கிளியோ பனிப்புயலோ இல்லை. டகோட்டாவுக்குப் போகச் சம்மதிக்கும்போது கரோலின் நிபந்தனை போடுகிறார்: இதுதான் கடைசி. பெண்கள் பள்ளிக்கூடம் போக வேண்டும். மகளின் நாவலிலேயே இது வருகிறது. அதற்குப் பிறகும் சார்லஸுக்கு மேற்கு நோக்கி மனசு அலைந்தது. போகவில்லை. டி ஸ்மெட் என்ற அந்தச் சிற்றூரிலேயே 1902-இல் இறந்தார். கரோலின் பார்வையற்ற மகளோடு, அறைகளை வாடகைக்கு விட்டு, 1924 வரை அதே ஊரில் வாழ்ந்தார். லாரா அப்பாவின் கடைசி நாட்களுக்கு வந்தவர்தான். அதன்பின் இருபத்திரண்டு வருடம் அம்மாவை வந்து பார்க்கவில்லை. அம்மா போன மறு வருடம், 1925-இல், பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினார்: அம்மாவின் சின்ன வயதுக் கதைகள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று.

கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. நாமும் அப்படியே செய்துகொண்டிருக்கிறோம். போய்க்கொண்டே இருந்ததற்காக ஒரு பெண்ணைக் கொண்டாடுகிறோம். அவர் தன் வாயால் கேட்டுப் பெற்றதோ, நிற்பதற்கு ஓர் இடம்.