எழுத்தாசை மட்டும் போதுமா?

எழுத வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் நாலு கதையோடு ஏன் நிறுத்திவிடுகிறோம்? கேட்டால், “நேரமில்லை” என்போம். உண்மைக் காரணம், படித்துப் பார்த்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான்.

1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எழுதுவதைக் கற்றுத் தரவும் முடியும் என்று காட்டினார்கள். 1952-இல் அதே ஏட்டில் பணியாற்றத் தமிழகத்திலிருந்து வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளை விவாதிக்க வைத்தார். குறையைச் சொல்ல ஒருவர் இருந்தால்தான் அடுத்த கதை செம்மையாகும்.

‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுவிட்டது. அதற்காகப் பேனாவை மூடி வைக்கலாமா?

சுபாங் ஜெயாவைப் பாருங்கள். சீபீல்டு ரப்பர்த் தோட்டம் இருந்த மண் அது. இன்று தமிழ்ப்பள்ளியின் பெயரில் அந்தத் தோட்டத்தின் பெயர் வாழ்கிறது. அங்கே பால் மரம் வெட்டியவர்களின் கதையை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேருங்கள். மாதம் ஒரு நாள் கூடுங்கள். ஆளுக்கொரு கதையோடு வாருங்கள், வெறுங்கையோடு வரக்கூடாது! முதல் கதையை வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.