உளுந்தின் விலையும் சைவக் கடையின் மேசையும்

கொழும்பில் இறைச்சியும் மீனும் இல்லாமல் வயிறாறச் சாப்பிட எளிய கடை தேடுபவர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பம்பலப்பிட்டி சரஸ்வதி லொட்ஜ் முதல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சந்துகள் வரை சைவக் கடைகள் அந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. தயிரும் பால்தேநீரும் அங்கே உண்டுதான். ஆனால் சொதி கொதிப்பது தேங்காய்ப்பாலில். சம்பலில் மாசி சேர்வதில்லை. இடியப்பத்துக்கும் தோசைக்கும் பாலே வேண்டாம். போயா நாளில் இறைச்சியைத் தவிர்க்கும் பௌத்தருக்கும் தவக்காலத்துக் கத்தோலிக்கருக்கும் அதே மேசைதான். இப்படியொரு கடையை ஒரு சமூகத்தின் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, அதன் மூலப்பொருட்களை ஆடம்பரச் சரக்குப்போல நடத்தும் கொள்கை தவறானது.

2020இல் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக அரசு உளுந்து இறக்குமதியை நிறுத்தியது. உள்ளூர் விளைச்சல் போதவில்லை. கிலோ 1000 ரூபாவையும் தாண்டிற்று. அரிசிக்கு அடுத்து இந்தக் கடைகளைத் தாங்குவது உளுந்துதான். தோசை, இட்லி, வடை மூன்றும் அதை நம்பியிருக்கின்றன. விலை ஏறினால் வடை சிறுக்கும், மாவில் அரிசி கூடும். அதற்குமேல் கடைக்காரர் விலையைத்தான் கூட்டவேண்டும். அந்த அடி ஆறுவதற்குள் 2022 வந்தது. எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற அந்த ஆண்டின் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. அடுத்த ஆண்டு தேங்காயும் 200 ரூபாவைத் தாண்டியது. குறைந்த இலாபத்தில் நிறையப் பேருக்குப் பரிமாறும் கடைக்கு இவை ஒவ்வொன்றும் பேரிடி.

தடை வவுனியா விவசாயியை வாழவைக்கும் என்பார்கள். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் அங்கே உளுந்து மழையை நம்பிய பெரும்போகப் பயிர். அறுவடை நேரத்தில் பெய்யும் மழை காயோடு அழித்துவிடும். விளைச்சல் அழிந்தவருக்குச் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் பயனில்லை. அவருக்கு வேண்டியவை நல்ல விதையும் உலர்த்தும் களமும் உத்தரவாத விலையும். இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. 'சைவம்' என்ற சொல்லோடு தீண்டாமையின் நினைவும் ஒட்டியிருக்கிறது. 1966 ஒக்டோபரில் தொடங்கிய போராட்டத்தில், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்கே ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவேண்டியிருந்தது. அதை மறைக்கக்கூடாது. ஆகவேதான் கொழும்புக் கடையைத் தூய்மையின் பெயரால் புகழ எனக்கு விருப்பமில்லை. யாரும் நுழையலாம், சிறிய காசுக்குப் பசியாறலாம் என்பதே அதன் மதிப்பு; விலை ஏறும்போது முதலில் வெளியேறுபவர் ஏழைதான். எண்ணெயில் பொரித்தது நீரிழிவுக்காரருக்கு ஆகாது என்பதும் சரி. குரக்கன் புட்டையும் வல்லாரைச் சம்பலையும் தினமும் வைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

உருளைக்கிழங்குக்கும் பெரிய வெங்காயத்துக்கும் அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரியைக் கூட்டும் வழக்கம் இந்த நாட்டில் ஏற்கெனவே உண்டு. உளுந்துக்கும் அதையே செய்யலாம்: வவுனியாக் களங்களில் உளுந்து குவியும் தை, மாசியில் வரி ஏறட்டும், கையிருப்பு தீரும் ஆவணியில் இறங்கட்டும்.