கலைச்சொல் மட்டும் போதுமா?

நமது மொழிக் கழகத்தில் அறிவியல் தமிழ் என்றாலே பேச்சு கலைச்சொல்லில் தொடங்கிக் கலைச்சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் ஒரு சிறு கருவியோடு பழகுபவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை.

அக்கருவி எலெக்ட்ரோபொரேட்டர். 'மின்துளையாக்கி' எனலாம், தவறில்லை. ஆனால் கேட்பவருக்கு என்ன புரியும்? மின்சாரம் உயிரணுவைத் துளைத்துக் கொன்றுவிடும் என்றுதான் தோன்றும். நடப்பதோ வேறு. உயிரணுவின் சவ்வு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன் உடையது. பாக்டீரியாவை டி.என்.ஏ.வோடு கலந்து, 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊற்றி, சுமார் 1,800 வோல்ட் மின்துடிப்பைச் சில மில்லிவிநாடிகள் செலுத்துகிறோம். சவ்வில் நுண்துளைகள் திறக்கின்றன, டி.என்.ஏ. உள்ளே நுழைகிறது, துளைகள் தாமே மூடிக்கொள்கின்றன. எல்லா அணுக்களும் பிழைப்பதில்லை என்பதும் உண்மையே. கலவையில் உப்பு மிகுந்தால் 'டப்' என்ற ஓசையோடு அன்றைய உழைப்பு வீண். (அந்த ஓசையைக் கேட்காத ஆய்வு மாணவர் உண்டோ!) இம்முறையில் எலியின் உயிரணுவுக்குள் மரபணுவைச் செலுத்த முடியும் என்பதை 1982இல் நியூமன் குழுவினர் காட்டினர்.

ஒட்டியிருக்கும் இரு அணுக்களை ஒன்றாக இணைக்கவும் மின்துடிப்பு வல்லது. 1996இல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி ஆட்டுக்கு, மடி அணுவையும் உட்கரு நீக்கிய முட்டையையும் இணைத்தது இதுவே. அவ்வாறு இணைந்த 277இல் உயிரோடு பிறந்தது டாலி மட்டுமே. அதன் மரபணுவில் எவரும் கைவைக்கவில்லை. ஆயினும் 'மரபணு மாற்றிய ஆடு' என்று நம்மவர் சொல்லக் கேட்கிறேன்.

இக்குழப்பம் ஆட்டோடு நின்றால் பரவாயில்லை. 2023 நவம்பரில் பிரிட்டன், தலசீமியா நோய்க்குக் காஸ்ஜெவி என்ற சிகிச்சையை அனுமதித்தது. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, மின்துடிப்பின் உதவியால் கிரிஸ்பரை உட்செலுத்தி மரபணுவைத் திருத்துகிறார்கள். பிறகு கடுமையான கீமோதெரபி மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்து, திருத்திய அணுக்களை ஏற்றுகிறார்கள். தலசீமியா மலேசியர்களுக்குப் புதிய நோயன்று. இதைக் கேள்விப்பட்ட தாய் ஒருவர், "தம்பி, என் பையனுக்குக் கரண்டு வைப்பாங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "இல்லம்மா, வெளியே எடுத்த அணுவுக்கு மட்டுந்தான். இந்த மாற்றம் அவனுக்குப் பிறக்கிற பிள்ளைங்களுக்கும் போகாது" என்று தயங்காமல் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்? பெயர் எலெக்ட்ரோபொரேஷன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு கலைச்சொல் பட்டியலுக்கு ஒதுக்கும் இரண்டு பக்கங்களை இத்தகைய கேள்வி பதிலுக்குத் தாருங்கள். முதல் கேள்வியை நானே எழுதித் தருகிறேன்.